பாடம் கேட்பவர்கள்: சீக்கியர்கள் குரு கிரந்த சாகிபை எப்படி வாசிக்கிறார்கள்?

பழைய தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். இன்னாரிடம் நன்னூல் பாடம் கேட்டார், இன்னாரிடம் காரிகை பாடம் கேட்டார் என்று இருக்கும். படித்தார் என்று இருக்காது. ஏடு ஆசிரியர் கையில் இருக்கும், குரலும் ஆசிரியருடையதுதான், மாணவன் காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சீக்கியர்கள் தங்கள் புனித நூலை வாசிக்கும் முறையை ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டுமென்றால் நான் இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் அந்த வாசிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பாட்’. நம்முடைய ‘பாடம்’ எந்த வடசொல்லிலிருந்து வந்ததோ அதுவும் அங்கிருந்தே வந்தது. பஞ்சாபியில் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் ‘சிக்’ என்ற சொல்லும் சிஷ்யன் என்பதன் திரிபுதான். ஆக, சொல்லளவில் பார்த்தால் சீக்கியர் என்றால் மாணவர், அவர் செய்வது பாடம் கேட்பது. சரி, ஆசிரியர் யார்?

புத்தகம்தான் ஆசிரியர். இதை உவமையாக எடுத்துக்கொண்டால் இதற்குமேல் நான் எழுதப்போகும் எதுவும் சரியாகப் பிடிபடாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். குரு நானக் (1469–1539) தொடங்கிய வழியில் அவரைச் சேர்த்துப் பத்து குருமார்கள் வந்தார்கள். ஐந்தாவது குருவான அர்ஜன், தமக்கு முன்னிருந்த நால்வரின் பாடல்களையும் தம்முடைய பாடல்களையும் வேறு பல அருளாளர்களின் பாடல்களையும் தொகுத்து, பாய் குர்தாஸ் என்பவர் கையால் எழுதுவித்து, 1604-இல் அமிர்தசரசில் இன்று பொற்கோயில் என்று நாம் சொல்லும் ஹர்மந்திர் சாகிபில் வைத்தார். அதைத் திறந்து வாசிக்கும் முதல் பொறுப்பு முதியவரான பாபா புத்தாவுக்குப் போனது. பத்தாவது குருவான கோவிந்த் சிங், தம் தந்தையும் ஒன்பதாவது குருவுமான தேக் பகதூரின் பாடல்களை அதில் சேர்த்து நூலை முழுமையாக்கினார். பிறகு 1708-இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள நாந்தேடில் உயிர் பிரியும் முன், இனிமேல் மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று அறிவித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த நூல் ‘குரு கிரந்த சாகிப்’. வாழும் குரு என்று அவர்கள் சொல்வது மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்ட பட்டம் இல்லை.

பஞ்சாபி நண்பர் ஒருவரிடம் ஒருமுறை ‘அந்தப் புத்தகத்தில் எத்தனை பக்கம் இருக்கும்?’ என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ‘1430 அங்கங்கள்’ என்று மட்டும் சொன்னார், ‘அங்கங்கள்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தி. உடம்புக்குத்தானே அங்கம் இருக்கும்? பக்கத்தை அவர்கள் ‘அங்க்’ என்கிறார்கள். அச்சுப் பிரதி எங்கே வாங்கினாலும் அதே 1430-தான், ஒரே பக்க அமைப்பு, அதனால் ‘467-ஆம் அங்கத்தில்’ என்று சொன்னால் உலகத்தில் எந்த ஊரில் இருப்பவரும் அதே வரியைத் திறந்து பார்க்கலாம்.

வாழும் குரு என்பதால் நடத்தும் விதமும் அப்படியே. விடியலுக்கு முன் நூலை ஓய்வறையிலிருந்து தலைமேல் தாங்கிக் கொண்டுவந்து, விதானத்தின் கீழே மெத்தையும் தலையணைகளும் போட்ட சிறு மஞ்சத்தில் வைத்துத் திறப்பார்கள். இதற்குப் பிரகாஷ் என்று பெயர். மேலே ருமாலா என்ற அலங்காரத் துணி போர்த்தியிருக்கும். அருகில் நிற்பவர் வெண்சாமரம் வீசுவார், ராஜாவுக்கு வீசுவதுபோல. இரவில் மூடி, துணியில் சுற்றி, மறுபடி ஓய்வறைக்குக் கொண்டுபோவது சுகாசன். அமிர்தசரசில் இரவு நூல் பல்லக்கில் ஏறி எதிரே உள்ள அகால் தக்த்துக்கு, அதாவது சீக்கியர்களின் உயர் அதிகார பீடத்துக்குப் போகும், விடியற்காலையில் பல்லக்கிலேயே திரும்பி வரும். இதையெல்லாம் பார்க்கும் நமக்குச் சட்டென்று சுப்ரபாதமும் பள்ளியறையும் நினைவுக்கு வரும். ஆனால் சிலைக்குச் செய்வதுபோல் இதையும் நினைத்துக்கொண்டால் சீக்கியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உருவ வழிபாட்டை அந்த நூலே பல இடங்களில் மறுக்கிறது. மரியாதையெல்லாம் உள்ளே இருக்கும் சொல்லுக்குத்தான் என்பார்கள். ‘பாணி குரு, குருவே பாணி’ என்று நான்காவது குரு ராம்தாஸ் பாடியிருக்கிறார். இங்கே பாணி என்பது ‘அவர் பாணியே தனி’ என்று நாம் சொல்லும் பாணி இல்லை, வாணி என்பதன் பஞ்சாபி வடிவம். திருவாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். குருவின் வாக்கு குர்பாணி.

உள்ளே என்னதான் இருக்கிறது என்றும் கேட்கலாம். கதை கிடையாது. வரலாறோ சட்டமோ கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுகள்தான். முதல் 13 அங்கங்களில் தினமும் ஓதும் பகுதிகள், அதன்பின் 14 முதல் ஏறத்தாழ 1353 வரை 31 ராகங்களின் கீழ் அடுக்கிய பாடல்கள், கடைசியில் ராகத்தில் சேராத சலோகங்கள். தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபட்டுவிடும். பாடியவர்களில் ஆறு குருமார்கள் உண்டு. அவர்களோடு நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், மகாராஷ்டிரத்தின் நாமதேவர், முடிதிருத்தும் சைன், சூஃபி முஸ்லிமான ஷேக் ஃபரீத் என்று 15 பகத்துகளும், அதாவது பக்தி அருளாளர்களும் இருக்கிறார்கள். எல்லாருடைய பாட்டும் ஒரே கட்டுக்குள். அதற்கு முன்னால் தலை வணங்குபவர் ரவிதாசின் சொல்லுக்கும் ஃபரீதின் சொல்லுக்கும் சேர்த்தேதான் வணங்குகிறார். சாதிப் பேச்சு பஞ்சாபிலும் ஓயவில்லை என்பது வேறு கதை. ஆனால் நூலின் கட்டமைப்பிலேயே இப்படி ஒரு விஷயம் உட்கார்ந்திருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாகத் திறப்பவரைக் குழப்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குருமார்கள் எல்லாருமே பாட்டின் முத்திரையில் ‘நானக்’ என்றுதான் போட்டுக்கொள்வார்கள். அப்படியானால் யார் பாடியது என்று எப்படித் தெரியும்? பாட்டின் தலைப்பில் ‘மஹலா 1’ என்றிருந்தால் முதல் குரு, ‘மஹலா 5’ என்றிருந்தால் அர்ஜன். பாட்டின் நடுவில் ‘ரஹாவ்’ என்று ஒரு குறி வரும். நில், இங்கே தங்கு என்று பொருள். அந்த வரியில்தான் பாட்டின் சாரம் இருக்கும், மற்ற அடிகள் அதைச் சுற்றி விரிபவை. நான் ஏதாவது ஒரு பாடலைப் புரிந்துகொள்ளப் பார்க்கும்போது முதலில் ரஹாவ் வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மேலே போவேன். கைகொடுக்கும் வழி அது.

வாசிப்பு வகைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் சிறியது ஹுக்கம், அதாவது ஆணை. பிரார்த்தனை முடிந்ததும் நூலை ஏதோ ஓர் இடத்தில் திறப்பார்கள், தேடிப் பிடித்துத் திறக்கக் கூடாது. இடப்பக்கத்தின் மேலே எந்தப் பாட்டு இருக்கிறதோ அதுதான் அன்றைய சொல். அந்தப் பாட்டு முந்தைய அங்கத்தில் தொடங்கியிருந்தால் ஒரு தாளைப் பின்னால் புரட்டி முதலிலிருந்து முழுசாக வாசிக்க வேண்டும், பாதிப் பாட்டை வாசிப்பது கிடையாது. ஹர்மந்திர் சாகிபில் விடியற்காலையில் எடுக்கும் ஹுக்கத்தைப் பலகையில் எழுதிவைப்பார்கள். இப்போது சில நிமிடங்களில் கைபேசிகளுக்கும் வந்துவிடுகிறது, கனடாவில் லாரி ஓட்டுபவரும் லண்டனில் கடை வைத்திருப்பவரும் அன்றைக்கு அதே பாட்டைத்தான் வாசித்திருப்பார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படியே. திறந்த பாட்டின் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்தில் பெயர், பின்னால் ஆணுக்கு சிங், பெண்ணுக்கு கௌர். சோசியம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம், எனக்கும் முதலில் தோன்றியது. அவர்கள் சொல்லும் விளக்கம் வேறு: நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்பதற்காகத் திறப்பதில்லை, இன்றைக்கு நான் எப்படி இருக்க வேண்டும் என்று குருவிடம் கேட்கிறோம், வந்த பாட்டு நமக்குப் பிடிக்காத விஷயத்தைச் சொன்னாலும் அதுதான் அன்றைய பாடம்.

அடுத்தது நித்நேம், தினக்கடமை. இது குரு கிரந்தத்தைத் திறந்துவைத்துத்தான் ஓத வேண்டும் என்றில்லை. குட்கா என்ற கையடக்க நூலை வைத்துக்கொண்டோ மனப்பாடமாகவோ ஓதலாம், வண்டி ஓட்டிக்கொண்டே ஓதுபவர்களும் உண்டு. அதிகாலையில் குரு நானக்கின் ஜப்ஜி, அதோடு குரு கோவிந்த் சிங்கின் ஜாப் சாகிபும் பத்து சவையாக்களும். மாலையில் ரஹிராஸ். படுக்கப்போகும்போது சோஹிலா, ஐந்தே பாட்டு. பலர் காலையில் ஆனந்த் சாகிபையும் சௌபாயியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். குரு கோவிந்த் சிங்கின் பெயரில் உள்ள பாடல்கள் குரு கிரந்தத்தில் இல்லை, தசம் கிரந்தம் என்ற வேறு தொகுப்பில் இருக்கின்றன.

ஜப்ஜியைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். 38 படிகள் கொண்டது, பவுடி என்றாலே படிக்கட்டுதான். எட்டாவது படியிலிருந்து பதினொன்றாவது வரை நான்கு படிகளில் அடிக்கு அடி ‘சுணியை’ என்றே தொடங்கும். கேட்டால், கேட்பதால் என்று பொருள். கேட்பதால் என்னவெல்லாம் ஆகும் என்று அடுக்கிக்கொண்டே போய், நான்கு படிகளின் முடிவிலும் ஒரே ஈரடியை வைக்கிறார் நானக்: பக்தர்கள் எப்போதும் மலர்ந்திருக்கிறார்கள், கேட்பதால் துன்பமும் பாவமும் அழிகின்றன. இதற்குப் பிறகுதான் பன்னிரண்டாவது படியிலிருந்து ‘மன்னை’, அதாவது மனத்தில் ஏற்பது. முதலில் காது, பிறகு மனம். ஓதுவதற்கென்று தனியாக இப்படி நான்கு படிகள் அவர் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்’ என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இனி முழு நூலையும் வாசிப்பது. நம்மிடம் முற்றோதல் என்று அழகான சொல் இருக்கிறது, திருவாசகம் முற்றோதல் என்கிறோமே, அதைத்தான் இங்கேயும் வைத்துக்கொள்ளப் போகிறேன். இதில் முக்கியமாக இரண்டு வகை. அவரவர் வேகத்தில், நாளுக்குச் சில அங்கங்களாக, இடையில் வேலைக்குப் போய், ஊருக்குப் போய்த் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்வது சகஜ் பாட். நாளுக்கு ஐந்து அங்கம் என்றால் ஒன்பதரை மாதத்தில் முடியும், இருபத்து நான்கு என்றால் இரண்டு மாதம். இன்னொன்று நிற்காமல் ஒரே மூச்சாக ஓதும் அகண்ட பாட், இரவும் பகலுமாக ஏறத்தாழ 48 மணி நேரம். ஏழு நாளில் முடிக்கும் வகையும் உண்டு.

வெளியாட்களின் கண்ணில் அதிகம் படுவது அகண்ட பாட்தான். குருமார்களின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, சரியாக அந்த நாள் காலையில் முடியும்படி வைப்பார்கள். கல்யாணம், புது வீடு, பையன் வெளிநாடு போவது, நோயிலிருந்து மீண்டது என்று குடும்பக் காரணங்களுக்கும் வைப்பதுண்டு. வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு மரபுக் கதை சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாய ஆளுநர்களும் பிறகு ஆப்கானியப் படைகளும் துரத்த, சீக்கியர்கள் காடுகளிலும் பாலைகளிலும் குதிரை முதுகிலேயே வாழ்ந்தார்கள், ஓரிடத்தில் எத்தனை நாள் தங்க முடியும் என்று தெரியாது, அதனால் தங்கக் கிடைத்த ஓரிரு நாளில் முழு நூலையும் விடாமல் கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள் என்று. இன்றைக்குத் துரத்துபவர்கள் இல்லை, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

நடைமுறை இப்படி. ஓதுபவர்கள் சிலர் சேர்ந்து முறைபோட்டுக்கொள்வார்கள், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர். (ஓதுபவருக்குப் பஞ்சாபியில் இருக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘பாட்டி’ என்று ஆகிவிடும். வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பாட்டி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால் ஓதுபவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஆள் மாறும் இடம்தான் பார்க்க வேண்டியது. அடுத்தவர் குளித்து, தலைப்பாகை கட்டி, கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். வரியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு முன்னவரோடு சேர்ந்து சில சொற்களை ஓதுவார், இரண்டு குரலும் ஒன்றாகும், பிறகு முன்னவர் மெல்ல நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஒரு நொடிகூடக் குரல் அறுபடாது. இரவு மூன்று மணிக்கு, கூடத்தில் பத்துப் பேர் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்க, இந்தக் கைமாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். பாட்டாகப் பாடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராகத்தில் தபேலாவோடும் ஆர்மோனியத்தோடும் பாடுவது கீர்த்தனம், அது வேறு. பாட் என்பது இசைக்கருவி இல்லாமல், அளவான ஏற்ற இறக்கத்தோடு ஓதுவது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 48 மணி நேரம் என்றால் 2880 நிமிடம். 1430 அங்கம். ஓர் அங்கத்துக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. ஓர் அங்கத்தில் வழக்கமாக 19 வரி இருக்கும், ஆக ஒரு வரிக்கு ஆறு நொடி. நெருக்கமாக அச்சிட்ட நீள வரியை ஆறு நொடிக்குள், தெளிவாக, பிழையில்லாமல், இரண்டு மணி நேரம் விடாமல் ஓதுவது விளையாட்டு இல்லை. கேட்பவர் பக்கமும் யோசிக்க வேண்டும். அந்த வேகத்தில் பதினாறாம் நூற்றாண்டுச் சொற்கள் காதில் விழுந்தால் பொருள் எவ்வளவு ஒட்டும்?

இந்தக் கேள்வியைச் சீக்கியர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ரொம்ப காலமாக. குருத்வாராக்களை, அதாவது சீக்கியக் கோயில்களை நிர்வகிக்கும் ஷிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-இல் ஏற்றுக்கொண்ட ‘சிக் ரஹித் மரியாதா’ என்ற நடத்தை விதித்தொகுப்பைப் படித்தால் அதை எழுதியவர்களின் கவலை நன்றாகவே தெரியும். அகண்ட பாட் வைக்கலாம் என்கிறது, ஆனால் கேட்பவருக்குப் புரியாத வேகத்தில் ஓதுவது குர்பாணிக்குச் செய்யும் அவமரியாதை என்றும் சொல்கிறது. கூடுமானவரை குடும்பத்தாரும் நண்பர்களுமே ஓத வேண்டும். ஓதத் தெரியாவிட்டால் தெரிந்தவரை ஓதச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் ஓதுபவர் தனியாக ஓதிக்கொண்டே இருக்க, குடும்பத்திலோ கூட்டத்திலோ கேட்க ஓர் ஆள்கூட இல்லை என்ற நிலை வரக் கூடாது. நூலுக்குப் பக்கத்தில் கும்பம் வைப்பது, நெய் விளக்கு ஏற்றுவது, தேங்காய் வைப்பது எல்லாம் குருவின் வழிக்கு மாறானவை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதிவைத்தும் நின்றபாடில்லை, பல இடங்களில் இன்றும் கும்பமும் விளக்கும் இருக்கும், விதியைப் பிடிப்பவர்களுக்கும் வழக்கத்தைப் பிடிப்பவர்களுக்கும் சண்டை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

விதி ஒருபக்கம், வழக்கம் ஒருபக்கம். கூலிக்கு ஆள் அமர்த்தி அகண்ட பாட் வைத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் பந்தல்காரரோடும் சமையல்காரரோடும் அலைந்துகொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. புகழ்பெற்ற குருத்வாராக்களில் பணம் கட்டிப் பதிவு செய்யலாம். ஹர்மந்திர் சாகிப் வளாகத்தில் தம் பெயரில் ஓர் அகண்ட பாட் நடக்க வேண்டுமென்று பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முறை வரும்போது வெளிநாட்டில் இருப்பார்கள், யாரோ ஓதுவார்கள், யாரோ கேட்பார்கள். நான் வெளியாள், தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் பாடம் கேட்பது என்ற கணக்கில் பார்த்தால் இது மாணவன் வராத வகுப்பு மாதிரித்தான் தெரிகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பொருள் புரியாவிட்டாலும் அந்த ஒலி வீட்டில் இரண்டு நாள் நிறைந்திருந்தால் போதும், அதுவே மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவரும் என்று உறுதியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். திருவாசகத்தில் பாதிச் சொல்லுக்குப் பொருள் தெரியாமலே கண் கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வெறும் வாசிப்பைப் பற்றிக் கடுமையாகப் பேசும் பாட்டு அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது. 467-ஆம் அங்கம், ஆசா ராகத்தில் அமைந்த ‘வார்’ என்ற நெடும்பாட்டு, குரு நானக் பாடியது. படித்துப் படித்து வண்டி வண்டியாக ஏற்றலாம், படகு நிறைக்கலாம், குழிகளை நிரப்பலாம், வருஷம் வருஷமாகப் படிக்கலாம், மாதம் மாதமாகப் படிக்கலாம், ஆயுள் முழுக்கப் படிக்கலாம், விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் படிக்கலாம், கணக்கில் வருவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அகந்தையின் பிதற்றல் என்கிறார். இந்த ஆசா வாரை விடியற்காலையில் குருத்வாராக்களில் கீர்த்தனமாகப் பாடுவது வழக்கம். அகண்ட பாட் ஓதுபவர் இந்த அங்கத்தைக் கடக்கும்போதும் அதே ஆறு நொடி வேகம்தான்.

ஓதக் கற்றுக்கொள்வதும் கேட்டுத்தான். நூல் எழுதப்பட்டிருக்கும் குர்முகி எழுத்துகள் அடிப்படையில் முப்பத்தைந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கொஞ்ச நாளில் வந்துவிடும், ஒவ்வொரு சீக்கியரும் அதைக் கற்று குரு கிரந்தத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் எழுத்து தெரிந்தால் மட்டும் ஓதிவிட முடியாது. பல சொற்களின் கடைசியில் எழுதியிருக்கும் குறில் உகரத்தையும் இகரத்தையும் உச்சரிக்கக் கூடாது. ‘நானகு’ என்று எழுதியிருக்கும், ‘நானக்’ என்று ஓத வேண்டும். அப்படியானால் அந்த உகரம் எதற்கு? வேற்றுமை, ஒருமை பன்மை போன்ற இலக்கணச் செய்திகளைச் சொல்வதற்கு. ஓதும்போது ஒலிக்காது, பொருள் கொள்ளும்போது அது இல்லாமல் முடியாது. போதாததற்கு பழைய கையெழுத்துப் பிரதிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது, நம் ஓலைச்சுவடி மாதிரி ஒரே தொடராக ஓடும். இதை லடிவார் என்பார்கள். எங்கே சொல் முடிகிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர் வாயால் கேட்டால்தான் தெரியும். அப்படி ஆசிரியர் முன் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக் கற்பதற்கு சந்தியா என்று பெயர். வேத பாடசாலையில் சந்தை சொல்வது என்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். இப்போதைய அச்சுப் பிரதிகள் பெரும்பாலும் சொல் பிரித்தவை. லடிவாரிலேயே ஓதுவதுதான் மரியாதை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் எப்படி? முழு நூலை வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் அதற்குத் தனி அறை வேண்டும், தினமும் பிரகாஷும் சுகாசனும் தவறக் கூடாது. வாழும் குருவை வீட்டுக்கு அழைத்து வைத்துவிட்டு வெளியூர் போய்விட முடியுமா? அதனால் பெரும்பாலான வீடுகளில் வைத்துக்கொள்வதில்லை. தொகுதிகளாகப் பிரித்து அச்சிட்ட சைஞ்சி என்ற வடிவத்தை வைத்துக்கொண்டு, தலையை மூடி, கை கழுவி, சகஜ் பாட் வாசிக்கிறார்கள். கைபேசிச் செயலியில் வாசிப்பதும் ரொம்பப் பரவிவிட்டது. அதில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பொருளும் வருவதால், பாட்டி காலத்தில் ஓசையாக மட்டும் கேட்டதைப் பேத்தி புரிந்துகொண்டு வாசிக்கிறாள். பொருள் என்று வந்தால் பேராசிரியர் சாஹிப் சிங் பத்துத் தொகுதிகளில் எழுதிய உரையைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள், மேலே சொன்ன கடைசி உகர இகரங்களை வைத்து இலக்கணத்தைத் துலக்கிப் பொருள் சொன்னவர் அவர்.

வீட்டில் ஒருவர் இறந்தால் தொடங்குவதும் சகஜ் பாட்தான், பத்தாம் நாளுக்குள் முடியும்படி வைப்பார்கள். அழுகையும் வருவோர் போவோருமாக இருக்கும் வீட்டில், மகனோ மருமகளோ ஒரு மூலையில் உட்கார்ந்து நாளுக்கு இத்தனை அங்கம் என்று ஓதிக்கொண்டிருக்க, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வார்த்தை தேடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்த முறை எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது.

எந்த முற்றோதலாக இருந்தாலும் முடிவுக்குப் பெயர் போக். நம்மூரில் சாற்றுமுறை என்பார்களே, அந்த இடம். 1426-ஆம் அங்கத்தில் ஒன்பதாவது குருவின் சலோகங்கள் தொடங்கும்போது, அதுவரை அங்கங்கே வேலையாக இருந்தவர்களெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 57 சலோகங்கள், உலகம் நிலையாது என்பதைப் பற்றியவை, நிதானமாக ஓதப்படும். அதன்பின் 1429-ஆம் அங்கத்தில் குரு அர்ஜன் முத்திரை வைத்தாற்போல் எழுதிய முந்தாவணி. தட்டில் மூன்று பொருள் வைத்திருக்கிறது: சத்தியம், மனநிறைவு, சிந்தனை. இதை உண்பவர், உண்டு சுவைப்பவர் கரையேறுவார் என்கிறார். அதற்குப் பின் வரும் ராகமாலா என்ற பகுதியை ஓதுவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சில இடங்களில் ஓதுவார்கள், சில இடங்களில் முந்தாவணியோடு நிறுத்திக்கொள்வார்கள், ஆனால் அச்சிலிருந்து அதை எடுக்கக் கூடாது என்பது விதி. பிறகு ஆனந்த் சாகிபில் ஆறு பாட்டு, எல்லாரும் எழுந்து நின்று அர்தாஸ் என்ற பிரார்த்தனை. அது முடிந்ததும், இப்போதுதான் கடைசி அங்கம் வரை ஓதி முடித்த அதே நூலை மறுபடி ஏதோ ஓர் இடத்தில் திறந்து அன்றைய ஹுக்கத்தை வாசிப்பார்கள்.

நேரில் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு: சென்னையில் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது, எந்த மதத்தவரும் போகலாம். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கைக்குட்டை போதும். நூலுக்கு முன் வணங்கிவிட்டுத் தரையில் எல்லாரோடும் உட்காருங்கள், காலை நூலின் பக்கம் நீட்டாதீர்கள். மொழி புரியாது, பரவாயில்லை, ‘நானக்’ என்ற சொல் வரும் இடங்களை மட்டும் காது பிடித்துக்கொண்டே போகட்டும், ஒரு பாட்டு எங்கே முடிகிறது என்று அதிலேயே தெரிய ஆரம்பிக்கும். முடிந்ததும் ஒருவர் கடா பிரசாதத்தோடு வரிசையாக வருவார், கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் போட்டுக் கிளறியது. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து ஏந்துங்கள். சூடாக இருக்கும், நெய் விரலிடுக்கில் வழியும், துடைத்துக்கொள்ள ஒரு துணி கையில் இருந்தால் நல்லது.